சின்ன வெள்ளை மாத்திரை

ஜூன் 3, செவ்வாய்

நடந்த அநியாயத்தை முதலில் எழுதி வைக்கிறேன். இன்று காலை மருந்து ஆய்வாளர் எங்கள் மருந்துக்கடைக்கு வந்தார். கவுண்டருக்கு உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என்னைக் காட்டி, "இவங்க யாரு?" என்று கேட்டார். என் அண்ணன் மகன் தரணிதரன், என் இடுப்பில் வளர்ந்தவன், கூசாமல் சொன்னான்: "எங்க அத்தைங்க சார். வீட்ல பொழுது போகலைன்னு வந்து உக்காந்திருப்பாங்க. மருந்தெல்லாம் தொட மாட்டாங்க."

பொழுது போகாமல். முப்பது வருஷத்துக்கு மேலாக.

வீட்டுக்காரர் போன பிறகு ஒரு டிரங்குப் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள் நான். அப்போது கடைச் சுவரில் தொங்கிய சர்டிபிகேட் ஈரோட்டில் இருந்த யாரோ ஒருவருடையது. வாடகைக்கு வாங்கி மாட்டியது. அந்த மனிதரை ஆயுத பூஜையன்றுதான் பார்க்கலாம். பொரி கடலையை வாங்கிக்கொண்டு போய்விடுவார். மருந்து எடுத்துக் கொடுத்தது கருணாம்பிகை என்கிற நான். பத்தாவதோடு நிறுத்தப்பட்டவள், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை அகராதி வைத்துக்கொண்டு படித்துத் தேறினேன். எந்த நோய்க்கு, எத்தனை வேளை என்பது வரை படிப்பேன். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதெல்லாம் கம்பெனிக்காரன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதுவது என்று அண்ணன் சொல்வார். அதைப் படித்ததில்லை.

இப்போது அண்ணன் இல்லை. சுவரில் தரணியின் பெண்டாட்டி சாருமதியின் சர்டிபிகேட் இருக்கிறது. ஆய்வாளர் போன பிறகு அவள் சொன்னாள்: "அத்தை, நாளையிலிருந்து நீங்க கவுண்டருக்கு இந்தப் பக்கமா உக்காந்துக்குங்க." இந்தப் பக்கம் என்றால் வாடிக்கையாளர்கள் உட்காரும் பெஞ்சு.

ஜூன் 4, புதன்

கடைக்குப் போகவில்லை. சமையல்கட்டு டப்பாக்களைக் கழுவி வெயிலில் கவிழ்த்தேன்.

ஜூன் 6, வெள்ளி

பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். பஞ்சர் கடை ரங்கசாமி வந்து, வழக்கம்போல் என்னைப் பார்த்து, "அம்பிகாக்கா, ஒடம்பு வலிக்கு ஒரு செட்டுங்க" என்றார். செட்டு என்றால் எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். வலிக்கு மஞ்சள் ஒன்று, காய்ச்சலுக்கு வெள்ளை ஒன்று, வயிற்றுக்கு ரோஸ் ஒன்று, கூட ஒரு சின்ன வெள்ளை. அந்தச் சின்னதைப் போட்டால்தான் வலி சொன்ன பேச்சைக் கேட்கும். பட்டையிலிருந்து வெட்டி, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பது.

சாருமதி, "செட்டெல்லாம் நிறுத்தியாச்சுங்கண்ணா. டாக்டர் சீட்டு இருந்தா குடுங்க" என்றாள்.

"அப்ப இதென்ன மருந்துக்கடையா, ரேசன் கடையா?" என்று கேட்டுவிட்டு அவர் எதிர்க்கடைக்குப் போனார். என் மனதுக்கு இதமாக இருந்தது.

வெட்டு மாத்திரைகள் போட்டு வைத்திருக்கும் என் பிஸ்கட் டப்பாவையும் காணோம். கேட்டால், "பேரும் தேதியும் இல்லாத மாத்திரைங்க அத்தை அதெல்லாம். எடுத்துத் தனியா வெச்சுட்டேன்" என்கிறாள். பேரும் தேதியும் என் தலையில் இருக்கின்றன. அதை எங்கே எடுத்து வைப்பாள்?

கடைப் படியில் வேலாத்தாள் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தாள். நான் கடைக்கு வந்த காலத்திலிருந்து அவளும் அந்தப் படியில்தான் இருக்கிறாள். "என்னுங்க டாக்டரம்மா, உங்களையும் வெளிய தள்ளிப்போட்டாங்களா? வாங்க, இக்கட்ட உக்காருங்க. படியில எடமிருக்குது" என்றாள். சிரிப்பு வேறு.

அவளுக்கு இரண்டு முழங்காலும் போய்ப் பல வருஷம் ஆயிற்று. காலையில் ஒரு செட்டு போட்டால்தான் பூமார்க்கெட்டுக்கு நடக்க முடியும். "எனக்கும் இல்லையாமா?" என்று மெல்லக் கேட்டாள். என் முழங்காலுக்கு எப்போதாவது போட்டுக்கொள்ள என்று வீட்டில் ஒரு டப்பா நிறைய செட்டு மாத்திரை வைத்திருக்கிறேன். அது சாருமதிக்குத் தெரியாது. கைப்பையில் கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

சண்டை. சாருமதி சத்தம் போடுகிறவள் இல்லை, அதுதான் எரிச்சல். சட்டம் என்ன சொல்கிறது என்பதை நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். பதிவு பெற்ற மருந்தாளுநர் ஆக வேண்டும் என்றால் பிளஸ் டூவில் சயன்ஸ் படித்திருக்க வேண்டும். பிறகு இரண்டு வருஷம் டிப்ளமோ, ஆஸ்பத்திரியிலோ கடையிலோ பயிற்சி, பரீட்சை, பார்மசி கவுன்சிலில் பதிவு. அவள் எல்லாம் செய்தவள்.

"அந்தக் காலத்துல அனுபவத்த வெச்சே கம்பவுண்டருங்கள பதிவுல சேத்தாங்க" என்றேன்.

"சேத்தாங்க அத்தை. அந்தக் கதவ மூடி நெம்ப நாளாச்சு."

"என் முறை வரும்போது மூடுனா அது என் தப்பா?"

தரணி நடுவில் வந்தான். ஈரோட்டில் மருந்தக உதவியாளர் பயிற்சி நடக்கிறதாம். பத்தாவது போதும். மூன்று மாதம், திங்கள், புதன், வெள்ளி. முடித்தால் உதவியாளர் என்று கடைக் கணக்கில் என் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். சாருமதி பக்கத்தில் இருக்கும்போது அவள் சொல்கிறதை எடுத்துக் கொடுக்கலாம்.

"அவ சொல்றத நான் எடுத்துக் குடுக்கறதா?"

"ஆமாங்கத்த."

"ஸ்டூலு?"

"ஸ்டூலு உங்களுதுதான்."

அந்த ஸ்டூலுக்காகப் போகிறேன். வேறு எதற்காகவும் இல்லை.

ஜூன் 16, திங்கள்

முதல் வகுப்பு. செல்போன் கடைக்கு மேல் மாடி. படிக்கட்டு செங்குத்து. கைப்பிடி இல்லை. பத்தொன்பது, இருபது வயதுப் பெண்கள்தான் முக்கால்வாசி. நான் உள்ளே நுழைந்ததும் எல்லாரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். டீச்சர் என்று நினைத்துவிட்டார்கள். டீச்சர் எனக்குப் பின்னால் ஏறி வந்துகொண்டிருந்தாள். ஜெசிந்தா என்று பெயர். என் மகள் இருந்திருந்தால் அவளைவிடப் பெரியவளாக இருப்பாள்.

பக்கத்தில் உட்கார்ந்த பெண் ஹாஜிரா, நம்பியூரில் நம் பஸ்ஸிலேயே ஏறுகிறவள். "பாட்டிம்மா, உங்களுக்கு எதுக்குங்க இந்த வயசுல?" என்றாள். பாட்டி என்று கூப்பிடாதே என்றேன். "சரிங்க பாட்டிம்மா" என்றாள்.

வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள். என் அளவுக்கு இல்லை. பொத்தான் போடாமல் மாட்டிக்கொண்டேன்.

ஜூன் 18, புதன்

மாத்திரைப் பட்டையை எந்தப் பக்கத்திலிருந்து வெட்ட வேண்டும் என்று பாடம். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அச்சிட்ட பக்கத்தைக் கடைசி வரை விட்டு வைக்க வேண்டுமாம். "இத்தன வருசமா எந்தப் பக்கம் வாட்டமோ அந்தப் பக்கந்தான் வெட்டுனேன். ஒண்ணும் ஆகல" என்றேன். ஜெசிந்தா சிரித்துக்கொண்டே, "ஒண்ணும் ஆகலைன்னு நமக்கு யாரும்மா திரும்பி வந்து சொல்றாங்க?" என்றாள்.

பதில் இருந்தது. வகுப்பு மணி அடித்துவிட்டது.

ஜூலை 2, புதன்

பெட்டியில் சிவப்புக் கோடு போட்ட மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று பாடம். எனக்குத் தெரிந்ததுதான். தெரிந்ததை மறுபடி தெரிந்துகொள்ள ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டு போக வேண்டியிருக்கிறது. கால் வீங்கிவிட்டது.

வேலாத்தாளுக்கும் கால் வீக்கம். "உங்களுக்கு பஸ்ஸு, எனக்குப் படி. ரெண்டு பேருக்கும் காலு ஒட்டுக்கா ஊதுது பாருங்க டாக்டரம்மா" என்றாள். மெட்டியைக் கழற்றி முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள். வெயில்.

ஜூலை 18, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி. வேலாத்தாளுக்குப் பூ விற்று மாளவில்லை. மல்லி விலை ஏறிக் கிடக்கிறது, ஆனாலும் முழம் முழமாகப் போய்விட்டது. ஒற்றை ஆளாக விடியலில் சத்தியமங்கலம் பஸ் பிடித்துப் பூ எடுத்து வருகிறாள். ஆடி முடியும் வரை காலையில் ஒன்று, பொழுதோடு ஒன்று என்று இரண்டு செட்டாகக் கேட்டாள். கொடுத்தேன். உழைக்கிறவளுக்கு வலியோடு உழை என்று சொல்ல எனக்கு மனம் வராது. சர்டிபிகேட் வைத்திருக்கிறவர்களுக்கு வரும்.

சாருமதி வாசலில் நின்று வேலாத்தாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, மூஞ்சி உப்புன மாதிரி இருக்குதே. ஒரு நாளு ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாத்தறலாங்களா?" என்று கேட்டாள்.

"வயசான காலத்துல மூஞ்சில சதை போட்டா நல்லதுதானுங்க கண்ணு. ஆளு பளபளன்னு இருப்பேன்" என்றாள் வேலாத்தாள். நானும் சிரித்தேன். சாருமதி சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

நேற்று ஆடிப்பெருக்கு. இன்று அசதி. வகுப்பில் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டிய மருந்துகள். ஹாஜிரா என் நோட்டைப் பார்த்து எழுதினாள். அவள் எழுத்தைவிட என் எழுத்து அழகு என்று அவளே சொன்னாள்.

ஆகஸ்ட் 13, புதன்

வேலாத்தாளுக்குச் சோறு இறங்கவில்லையாம். வாயெல்லாம் காசை நக்கியதுபோல் இருக்கிறதாம். காலையில் குமட்டல். பித்தம். இஞ்சி தட்டிப்போட்டுக் குடி என்றேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வலி மாத்திரைகள் பாடம். ஜெசிந்தா சிறுநீரகத்தின் படத்தைப் போர்டில் வரைந்தாள். அவரை விதை மாதிரி இரண்டு. வலி மாத்திரையை வருஷக்கணக்கில் தினமும் தின்றால் இவை என்ன ஆகும் என்று சொன்னாள். முதலில் என்ன தெரியும் என்றும் வரிசையாகச் சொன்னாள். கால், முகம், வாய், குமட்டல்.

தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பாதி வகுப்பு இன்னும் இருந்தது. ஹாஜிரா, "தண்ணி வேணுங்களா பாட்டிம்மா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

பஸ் ஸ்டாண்டில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். நம்பியூர் பஸ் ஒன்று போயிற்று. அடுத்ததும் போயிற்று. எதிர்ப் பக்கத்தில் ஒரு ஆள் கொய்யாக்காய்க்கு உப்பு மிளகாய்ப்பொடி தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வேலாத்தாள் கை நீட்டினாள். டப்பா காலி என்று சொன்னேன்.

"உங்ககிட்டயா காலி? பொய் சொல்றதுக்கு ஒரு அளவு வேணுமுங்க டாக்டரம்மா."

"காலின்னா காலி."

"அப்ப கடையில இருந்து எடுத்துக் குடுங்க."

"நான்தான் மருந்து தொட மாட்டேனே. ஊருக்கே தெரியும்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பூக்கட்ட ஆரம்பித்தாள். அதன் பின் என்னோடு பேசவில்லை.

வீட்டுக்கு வந்து டப்பாவைக் கக்கூஸில் கொட்டித் தண்ணீர் விட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

வகுப்புக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று போனில் சொல்லிவிட்டேன். காய்ச்சல் இல்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

படியில் வேலாத்தாள் இல்லை. கோபமாக இருக்கும். அவள் கோபம் இரண்டு நாள் தாங்காது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலை பஸ்ஸில் ஹாஜிரா இடம் பிடித்து வைத்திருந்தாள். நான் விட்டுப்போன பாடத்தைச் சொல்லித் தருகிறேன் என்று ஆரம்பித்தாள். "நீங்க போனதுக்கப்பறம் ஸ்டீராய்டு எடுத்தாங்க பாட்டிம்மா. வலிக்குன்னு செட்டுல ஒரு சின்ன வெள்ளை போட்டுக் குடுப்பாங்களே, அதானாம். அதத் தின்னு பழகுனவங்க திடீர்னு நிறுத்தக் கூடாதாம். கொஞ்சங்கொஞ்சமா கொறைக்கணுமாம், அதும் டாக்டர் சொல்லி. நிறுத்துனா ஒடம்புல தெம்பே இருக்காதாம். பிரஸ்ஸர் எறங்கி மயக்கம் போட்டு..."

நான் எழுந்து நின்றேன். பஸ் கோபி தாண்டவில்லை. கண்டக்டர், "அம்மா, இங்க ஸ்டாப்பிங் இல்லீங்க" என்றார்.

"ஸ்டாப்பிங் இல்லீனா என்ன, பஸ்ஸு நிக்காதா?" என்றேன். நின்றது.

வேலாத்தாள் வீடு சாலையிலிருந்து உள்ளே. கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் இல்லை. பாயில் கிடந்தாள். வாந்தி எடுத்த இடம் அப்படியே இருந்தது. வாடிப்போன சம்பங்கி கூடையோடு மூலையில். கண்ணைத் திறந்து, "டாக்டரம்மாவா?" என்றாள். "டப்பா ரொம்பிருச்சா?"

சாருமதிக்குப் போன் போட்டேன். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேருமாகத் தூக்கினோம். உடம்பு ஊதிக் கிடந்தாலும் உள்ளே ஆளே இல்லாததுபோல் இருந்தது.

ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த நர்ஸ் இரண்டாம் முறை பார்த்தாள். பிறகு ஓடினாள். டாக்டர் சின்னப் பையன். "பாட்டி, என்ன மாத்திரை சாப்பிட்டீங்க? ஏதாவது தொடர்ந்து எடுக்கிறீங்களா?" என்று காதருகில் குனிந்து கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க சாமி" என்றாள் வேலாத்தாள். "பூக்கட்டறவளுக்கு என்ன மருந்து."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். அவள் யாரைக் காப்பாற்றுகிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. சாருமதிக்கும் தெரிந்தது. அவள் என் பக்கம் திரும்பினாள். டாக்டரிடம் சாருமதியே சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. என்ன மாத்திரை என்று தெரிந்தவள் நான் ஒருத்திதானே.

நான்கு மாத்திரைகளின் பெயரையும் சொன்னேன். சின்ன வெள்ளையின் பெயரை இரண்டு முறை சொன்னேன். தினமும் என்றேன். பல வருஷமாக என்றேன். ஆடி முழுக்க இரண்டு வேளை. திங்கட்கிழமையோடு நிறுத்தம்.

"யாரு குடுத்தது?"

"நான்."

"நீங்க ஃபார்மஸிஸ்ட்டா?"

"இல்லை."

டாக்டர் திட்டுவார் என்று நிமிர்ந்து நின்றேன். அவர் அதற்கெல்லாம் நிற்கவில்லை. நர்ஸிடம் ஊசி மருந்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே நடந்தார். நான் சொன்ன சின்ன வெள்ளையின் குடும்பத்தைச் சேர்ந்த மருந்துதான் அது. பொழுது சாயும்போது பிரஷர் ஏறியது. சிறுநீரகம் வேறு கதை என்று சொன்னார்கள்.

ஆகஸ்ட் 23, சனி

தரணி கத்தினான். "பேரச் சொல்லிட்டு வந்திருக்கீங்க! நாளைக்கு எவனாவது எழுதிப்போட்டா லைசென்ஸ் என்னாகும்? கடை என்னாகும்?"

"கடைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? நான் பொழுது போகாம வந்து உக்கார்றவதானே."

அவன் தலையைக் குனிந்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். எனக்கு அதில் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சாருமதி அடுப்பங்கரையில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். "வர்றவங்க வரட்டுங்க, நான் பதில் சொல்லிக்கறேன். சுவத்துல இருக்கறது என் பேரு" என்று அங்கிருந்தே சொன்னாள். பிறகு என்னிடம் மெல்ல, "கடையில செட்டு நின்னதும் வேலாத்தாக்கா எதிர்க்கடையில வாங்கித் திங்கறாங்கன்னு நெனச்சுட்டேன் அத்தை. அங்க போய்ச் சண்டையே போட்டுட்டு வந்தேன். உங்க கைப்பையப் பாக்கத் தோணல" என்றாள்.

கஞ்சியை நான்தான் ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ரத்தத்தை மெஷினில் விட்டுச் சுத்தம் பண்ண ஆரம்பித்துவிட்டார்கள். வாரம் இரண்டு நாள். இனி எத்தனை காலத்துக்கு என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள். பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னால் என்ன அர்த்தம் என்பது மருந்துக்கடையில் இருந்தவளுக்குத் தெரியும்.

மெஷினில் கையைக் கொடுத்துப் படுத்திருந்தாள். சிவப்புக் குழாய் இரண்டு. "பாருங்க டாக்டரம்மா, கனகாம்பரம் கட்டுன மாதிரி இருக்குது" என்றாள். போர்வையை இழுத்து அவள் காலை மூடினேன்.

"என்னத்துக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க? நீங்க குடுத்தீங்க, நான் தின்னேன். தின்னதால இத்தன வருசம் நடந்தேன். நடக்கலீனா எம் மவளக் கட்டிக் குடுத்திருப்பனா?"

"அது சரியில்ல வேலாத்தா."

"எது சரியில்ல?"

"பேசாம படு."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் அந்த வழியையே அடைத்துவிட்டாள். அடைக்காவிட்டால் கேட்டிருப்பேனா என்பதும் தெரியாது.

செப்டம்பர் 3, புதன்

வகுப்புக்குத் திரும்பினேன். ஜெசிந்தா ஒன்றும் கேட்கவில்லை. ஹாஜிரா சொல்லியிருப்பாள். நான் விட்டுப்போன அந்தப் பாதி வகுப்பை மறுபடி எடு என்று ஜெசிந்தாவிடம் கேட்டேன். "எல்லாருக்கும் முடிஞ்சிருச்சேம்மா" என்றாள். எனக்கு முடியவில்லை என்றேன். மதியம் சோற்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு எடுத்தாள். முழுக்கக் கேட்டேன். பொடி எழுத்தில் இருப்பதெல்லாம் அதில் இருந்தது.

செப்டம்பர் 12, வெள்ளி

பரீட்சை. எழுத்து சுலபம். வாய்மொழிக்கு வெளியூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். கோட்டுப் பொத்தானைப் போடுங்கள் என்று முதலில் சொன்னார். எட்டாது என்றேன். பிறகு கேட்டார்: "தெரிஞ்சவங்க ஒருத்தர் வந்து, சீட்டு இல்லாம, வலிக்கு ஒரு செட்டு குடுங்கன்னு கெஞ்சிக் கேக்கறாங்க. என்ன பண்ணுவீங்க?"

கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றேன். அவர் என் வயதுக்கு மறதி என்று நினைத்திருப்பார். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. பாஸ் போட்டுவிட்டார்.

செப்டம்பர் 24, புதன்

சான்றிதழ் வந்தது. மருந்தக உதவியாளர், கருணாம்பிகை. பெயரில் எழுத்துப் பிழை இல்லை. தரணி அதைக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்து, ஸ்டூலையும் துடைத்துக் கவுண்டருக்குள் போட்டு வைத்திருந்தான். "வந்து உக்காருங்கத்த" என்றான். கேட்டது கிடைத்துவிட்டது. உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தால் எதிரே படி தெரிகிறது. காலியாக இருந்தது. ஒரு நாய் படுத்திருந்தது.

சிறிது நேரத்தில் பஞ்சர் கடை ரங்கசாமி வந்தார். என்னை உள்ளே பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "அம்பிகாக்கா வந்தாச்சா! ஒரு செட்டுங்க. எதிர்க்கடைக்காரன் குடுக்கறது உங்களுது மாதிரி கேக்க மாட்டேங்குது."

அவர் காலைப் பார்த்தேன். செருப்பு வாரைக் கடைசி ஓட்டைக்குத் தள்ளிப் போட்டிருக்கிறார். எத்தனை நாளாக என்று கேட்டேன். எது என்றார். கவுண்டரை விட்டு வெளியே வந்து, அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

இனி நடக்க வேண்டியவை. சொல்லிவிட்டேன், ஆனாலும் எழுதி வைக்கிறேன். இவர்கள் மறந்துவிடுவார்கள்.

தரணி: அடுத்த முறை ஆய்வாளர் வந்து இவங்க யாரு என்று கேட்டால், முப்பது வருஷத்துக்கு மேலாக இந்தக் கடையில் மருந்து கொடுத்தவர் என்று சொல்ல வேண்டும். பொழுது போகாமல் வந்தவள் என்று சொல்லக் கூடாது. கொடுத்தது நான் என்றால் நான்தான். நல்லதுக்கும் மற்றதுக்கும்.

சாருமதி: செட்டு யாருக்கும் கிடையாது. எனக்கும் கிடையாது. என் முழங்காலுக்குக் காட்ட டாக்டரிடம் அவள்தான் கூட்டிப் போக வேண்டும், தரணி வேண்டாம், அவன் பஸ் ஏறும்போது அவசரப்படுத்துவான். அந்த பிஸ்கட் டப்பாவை என் கண்ணெதிரில் அழிக்க வேண்டும்.

என்னிடம் செட்டு வாங்கித் தின்றவர்கள் எல்லாருடைய முகமும் எனக்குத் தெரியும். ரங்கசாமி, மாவு மில் அம்மா, தறிக்காரர்கள், பள்ளிக்கூட ஆயா, இன்னும் பலர். வீடு வீடாக நான் போக வேண்டும். நிறுத்தாதீர்கள், முதலில் ரத்தம் பாருங்கள், டாக்டர் சொல்கிறபடி குறையுங்கள் என்று சொல்ல வேண்டும். திட்டுவார்கள். திட்டினால் நின்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். எந்த டாக்டரிடம், எந்த நாள் என்பதை ஏற்பாடு பண்ண வேண்டியது சாருமதி.

எதிர்க்கடைக்காரர்: அவரிடம் நான் பேசுகிறேன். சாருமதி மறுபடி போய்ச் சண்டை போட வேண்டாம். அவள் சண்டை சத்தமில்லாத சண்டை, யாருக்கும் உறைக்காது.

ஜெசிந்தா: சின்ன வெள்ளைப் பாடத்தை முதல் வாரத்திலேயே எடுக்க வேண்டும். யாராவது தலைவலி என்று எழுந்து போனால் விடக் கூடாது.

செவ்வாய், வெள்ளி மெஷின் நாள். வேலாத்தாளைக் காலையில் கொண்டுபோய் விட வேண்டியது தரணி. மதியம் கூட்டி வர வேண்டியதும் அவனே. அந்த இரண்டு நாளும் ஸ்டூல் காலியாக இருக்கும். யாரும் உட்காரக் கூடாது. நான் படியில் பூக்கூடையோடு இருப்பேன். இன்று காலை உட்கார்ந்து பார்த்தேன். சம்பங்கி மட்டும் விற்றது. மல்லி கட்ட வரவில்லை, நார் வழுக்கி எல்லாம் கொட்டிப்போயிற்று.

வேலாத்தாள்: மல்லி கட்ட எனக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். டாக்டரம்மா என்று கூப்பிடுவதை நிறுத்த வேண்டும்.